இருட்டை விற்ற ஊர்

ஜூன் மாதத்தில் பிளாக்பூலுக்குப் போனால் இரவைப் பார்க்கக் கண்விழித்துக் காத்திருக்க வேண்டும். இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில், ஐரிஷ் கடலைப் பார்த்தபடி இருக்கும் ஊர் அது. கோடையில் சூரியன் மறையவே ஒன்பதே முக்கால் ஆகிவிடும். மறைந்த பிறகும் மேற்கு வானத்தில் வெளிச்சம் வெகுநேரம் தங்கியிருக்கும். பிள்ளைகளைத் தூங்கவைக்க ஜன்னல் திரையை இழுத்து மூடியாக வேண்டும். அக்டோபர் முடியும்போது நிலைமை தலைகீழ். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவைத்ததும், மாலைத் தேநீர் குடித்து முடிப்பதற்குள் இருட்டிவிடும். காற்று காதைக் கிழிக்கும், மழை படுக்கைவாட்டில் அடிக்கும்.

இந்த இரண்டில் எந்தப் பருவத்தில் கடற்கரைக்குக் குடும்பத்தோடு ஓய்வெடுக்கப் போவீர்கள்? யாரைக் கேட்டாலும் கோடை என்பார்கள். ஆனால் நூறு ஆண்டுகளுக்கு மேலாக லட்சக்கணக்கானவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து பிளாக்பூலுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். காரணம் அங்கே எரியும் விளக்குகள். 'பிளாக்பூல் இலுமினேஷன்ஸ்' என்று பெயர். கடற்கரைச் சாலையில் தெற்கே ஸ்டார் கேட்டிலிருந்து வடக்கே பிஸ்பம் வரை, ஏறத்தாழ ஆறு மைல் நீளத்துக்கு, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட விளக்குகள். பார்க்கக் கட்டணம் கிடையாது. உள்ளூரில் சுருக்கமாக 'லைட்ஸ்' என்பார்கள். "லைட்ஸுக்குப் போறோம்" என்றாலே போதும், வட இங்கிலாந்தில் எந்த ஊருக்கு, எந்த மாதத்தில் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

இந்த விளக்குகள் பிறந்த கதை, கடலோர ஊர்களின் நிரந்தரக் கவலை ஒன்றிலிருந்து தொடங்குகிறது. செப்டம்பர் வந்துவிட்டால் பிழைப்புக்கு என்ன செய்வது?

ஆங்கிலேயர்கள் முதலில் கடலுக்குப் போனது வெயில் காயவோ மணலில் படுக்கவோ அல்ல, வைத்தியத்துக்கு. 1750களில் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற மருத்துவர், கடல்நீரில் குளித்தாலும் அதைக் குடித்தாலும் சுரப்பி நோய்கள் தீரும் என்று புத்தகமே எழுதி, பிரைட்டன் ஊருக்குப் பணக்கார நோயாளிகளை அனுப்பிவைத்தார். மருந்து என்றால் குளிரைப் பார்க்க முடியுமா? பிளாக்பூலுக்கும் அப்படிச் சிலர் வந்தார்கள். அப்போது அது சில வீடுகள் சிதறிக் கிடந்த குப்பம். பெண்கள் குளிக்கும் நேரத்தில் ஒரு மணி அடிப்பார்களாம். அதன்பின் கரையில் அகப்படும் ஆணுக்கு ஒரு புட்டி ஒயின் அபராதம். 1801 கணக்கெடுப்பில் ஊரில் இருந்தவர்கள் 473 பேர். நூறு ஆண்டு கழித்து, 1901-ல், 47 ஆயிரத்துக்கு மேல்.

நடுவில் வந்தது ரயில். 1846-ல் பிளாக்பூலுக்குத் தண்டவாளம் வந்து சேர்ந்தது. ஊருக்குப் பின்புறம் உள்நாட்டில் இருந்ததோ லங்காஷயர், உலகத்துக்கே துணி நெய்துகொண்டிருந்த ஆலைச் சீமை. போல்டன், ஓல்டம், பர்ன்லி, பிளாக்பர்ன் என்று புகைபோக்கிகள் காடாக நின்ற ஊர்கள். அந்த ஊர்களில் 'வேக்ஸ் வாரம்' என்று ஒரு வழக்கம் உண்டு. மாதா கோயில் திருநாளாகத் தொடங்கி, ஆலைக்கு ஆண்டு விடுமுறையாக மாறிய வாரம் அது. ஒரு ஊரின் ஆலைகள் அத்தனையும் ஒரே வாரத்தில் மூடப்படும். கொதிகலனைக் கழுவிச் சுத்தம் செய்ய முதலாளிக்கும் அது வசதி. ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு வாரம். ஜூனில் ஒன்று தொடங்கினால், கடைசி ஊர் முடிக்கும்போது செப்டம்பர் பிறந்திருக்கும். அந்த வாரத்துக்குச் சம்பளம் கிடையாது. அதனால் தொழிலாளிகள் ஆண்டு முழுக்க வாராவாரம் சில பென்ஸை ஒரு சங்கத்தில் கட்டி வருவார்கள். வேக்ஸ் வாரம் பிறந்ததும் அதை வாங்கிக்கொண்டு தெருவே காலியாகி பிளாக்பூல் ரயிலில் ஏறும். ஊரில் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தவரே கடற்கரையிலும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

இந்தப் பணத்தில் நம் பங்கும் கொஞ்சம் இருக்கிறது. முதல் உலகப் போருக்கு முன் லங்காஷயர் துணிக்கு மிகப் பெரிய சந்தை இந்தியா. சென்னையிலும் மதுரையிலும் விற்ற ஆலைத் துணியின் லாபம் முதலாளிக்குப் போனது. அதில் கூலியாகக் கசிந்த சில்லறை, வேக்ஸ் வாரத்தில் பிளாக்பூல் மணலுக்கு வந்து சேர்ந்தது.

அந்தச் சில்லறைக்காகக் காத்திருந்தவர்கள் பிளாக்பூலின் வீட்டுக்காரம்மாக்கள். தங்கும் விடுதி நடத்திய இந்தப் பெண்கள் ஆங்கிலேயரின் நகைச்சுவைத் துணுக்குகளில் நிரந்தரப் பாத்திரங்கள். கறாருக்குப் பெயர்போனவர்கள், அறையில் எழுதித் தொங்கும் கட்டளைகளுக்கும்தான். பல வீடுகளில் விருந்தாளியே மளிகையும் இறைச்சியும் வாங்கிவந்து கொடுப்பார், வீட்டுக்காரம்மா சமைத்துத் தருவார். உப்பு, மிளகுத்தூள் மேஜையில் இருந்ததற்குத் தனியாகக் காசு வாங்கினார்கள் என்று இன்றுவரை கேலி செய்வார்கள். கேலி செய்பவர்கள் அவர்கள் பக்கத்துக் கணக்கையும் பார்க்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் தொடக்கம் வரை வரும் காசில்தான் பன்னிரண்டு மாத வாடகை, வரி, நிலக்கரிச் செலவு எல்லாம். கடைசி ஆலை ஊர் ஊருக்குத் திரும்பிய மறுநாளே படுக்கைகள் காலி. உப்புக்குக் காசு வாங்கினார்கள் என்றால் எனக்கு அதில் வியப்பில்லை.

இந்த ஊருக்கு விளம்பரம் என்பது பிறவிக் குணம். 1879-ல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றின் வழியே, வீட்டுவரியில் ஒரு பவுண்டுக்கு இரண்டு பென்ஸ் வீதம் எடுத்து ஊரை விளம்பரம் செய்யும் உரிமையை பிளாக்பூல் நகராட்சி வாங்கிக்கொண்டது. இங்கிலாந்தின் மற்றக் கடற்கரை ஊர்கள் நெடுங்காலம் இதைப் பார்த்து வயிறெரிந்தன. அதே 1879 செப்டம்பரில் நகராட்சி இன்னொரு காரியம் செய்தது. ஐயாயிரம் பவுண்டு ஒதுக்கி, கடற்கரைச் சாலையில் அறுபதடிக் கம்பங்கள் நட்டு, எட்டு மின்வில் விளக்குகளை ஏற்றியது.

மின்வில் விளக்கு நமக்குத் தெரிந்த பல்பு அல்ல. இரண்டு கரிக்குச்சிகளின் முனைகளைச் சற்றே இடைவெளி விட்டு நிறுத்தி மின்சாரம் செலுத்தினால், அந்த இடைவெளியில் கண்ணைப் பறிக்கும் வெள்ளை ஒளி எழும். வீட்டுக்குள் வைத்தால் தாங்க முடியாது, தெருவுக்குத்தான் சரிப்படும். மின்சாரம் தயாரிக்க நீராவி எந்திரங்களைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். எடிசன் தன் பல்புக்குக் காப்புரிமை பெற்றது 1880 ஜனவரியில் என்பதை நினைத்துக்கொண்டால், வந்தவர்கள் ஏன் வாய் பிளந்தார்கள் என்று புரியும். எழுபதாயிரம் முதல் ஒரு லட்சம் பேர் வரை கூடினார்கள் என்று சொல்லப்படுகிறது. எரிவாயு விளக்கின் மஞ்சள் மங்கலையே கண்டு பழகியவர்கள் அதற்கு 'செயற்கைச் சூரிய ஒளி' என்று பெயர் வைத்தார்கள்.

ஊரின் அதிகாரபூர்வ வரலாறு இந்த இரவையே விளக்குகளின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1879-ல் ஏற்றியவை தெருவிளக்குகள். சாலையைக் காட்டுவதுதான் அவற்றின் வேலை, கூட்டம் புதுமையைப் பார்க்க வந்தது. விளக்கை விளக்குக்காகவே பார்க்க வருவது வேறு சங்கதி. அதற்கு இன்னும் முப்பத்துமூன்று ஆண்டுகள் போக வேண்டியிருந்தது.

அந்த இடைக்காலத்தில் ஊர் சும்மா இருக்கவில்லை. 1885 செப்டம்பர் கடைசியில் கடற்கரைச் சாலையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. தெருவில் நிரந்தரமாக ஓடிய மின்டிராம்களில் பிரிட்டனில் அதுவே முதல். தண்டவாளத்துக்கு நடுவே பள்ளத்தில் மின்கம்பியை ஓட்டியிருந்தார்கள். கடல் மணலும் உப்புத் தண்ணீரும் புகுந்து படுத்திய பாட்டில், 1899-ல் கம்பியைத் தலைக்கு மேலே கொண்டுபோனார்கள். 1894-ல் பாரிஸின் ஐஃபெல் கோபுரத்தைப் பார்த்து ஆசைப்பட்டுக் கட்டிய 518 அடிக் கோபுரம் திறக்கப்பட்டது. மூன்று கடற்பாலங்கள், நடன மாளிகை, நாடக அரங்குகள் எல்லாம் வந்தாயிற்று. ஆனாலும் செப்டம்பரில் கூட்டம் கலைவது மட்டும் நிற்கவில்லை.

1912 மே மாதம். கடற்கரைச் சாலையில் புதிதாக அமைத்த ஒரு பகுதியைத் திறந்துவைக்க இளவரசி லூயிஸ் வந்தார். அரச குடும்பத்தார் வருகிறார்கள் என்றால் தோரணம் கட்டாமல் முடியுமா? நகராட்சி மின்சாரத் தோரணம் கட்டியது, சுமார் பத்தாயிரம் பல்புகளைச் சரம்சரமாகக் கோத்து. இளவரசி திறந்துவைத்துவிட்டுப் போய்விட்டார். பல்புச் சரங்கள் நகராட்சியின் கையில் மிஞ்சின.

இந்த இடத்தில்தான் ஊர் வணிகர்களின் மூளை வேலை செய்தது. "அந்த விளக்குகளைச் செப்டம்பரில் இன்னொரு தடவை ஏற்றுங்கள்" என்று அவர்கள் நகராட்சியிடம் போய்க் கேட்டார்கள். பருவம் முடியும் நேரம், ஆலை ஊர்கள் திரும்பிவிட்ட நேரம். விளக்கைப் பார்க்கவென்று யாராவது வந்தால் இன்னும் சில வாரம் படுக்கை நிரம்பும், கடை ஓடும். நகராட்சி ஏற்றியது, கூட்டமும் வந்தது. 1913-ல் மறுபடி கேட்டார்கள், மறுபடி ஏற்றினார்கள். நான் பிறந்தநாள் என்று சொல்வது இந்த 1912 செப்டம்பரைத்தான். ஒரு கலைஞரின் கனவிலோ பொறியாளரின் வரைபடத்திலோ பிறக்காமல், கடைக்காரர்களின் வரவுசெலவுக் கணக்கில் பிறந்த அழகு இது. அதனால் அழகு குறைந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

அவர்கள் தெரிந்தேதான் செய்தார்களா என்று சொல்ல முடியாது, ஆனால் அந்தக் கோரிக்கையில் ஒரு நுட்பம் இருந்தது. கோடையில் இதே விளக்குகளை ஏற்றினால் பயனில்லை. வானம் இருட்டுவதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடும். இலையுதிர் காலத்தில்தான் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே இருட்டு வந்து நிற்கும், குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு விளக்குப் பார்த்துவிட்டு நேரத்தோடு அறைக்குத் திரும்பலாம். ஊரை வெறிச்சோட வைத்த அந்த இருட்டே பண்டமாகிவிட்டது. 1916-ல் பிரிட்டனில் கோடைக்காலக் கடிகாரம் வந்தபோது கோடை மாலைகள் இன்னும் ஒரு மணி நேரம் நீண்டன. அந்த வழக்கத்தை நிரந்தரமாக்கிய சட்டம் வந்தது 1925-ல். முதல் உலகப் போரில் நின்றுபோன விளக்குகள் மீண்டும் எரியத் தொடங்கியதும் அதே 1925-ல். இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் விளக்குக்கு ஏற்ற பருவம் எது என்ற கேள்விக்கு இனி ஒரே விடைதான்.

1925-க்கு முன் நகராட்சி வேறு வித்தையும் முயன்று பார்த்தது. 1923, 1924 ஆண்டுகளில் ராட்சத முகமூடித் தலைகள், வண்டி ஊர்வலம் என்று கோடைத் தொடக்கத்தில் களியாட்ட விழா நடத்தினார்கள். குடியும் கூச்சலும் எல்லை மீறியதால் அதைக் கைவிட்டு விளக்குக்கே திரும்பினார்கள். விளக்கு யாரையும் வம்புக்கு இழுக்காது. இம்முறை டிராம்களுக்கும் அலங்காரம் வந்தது. படகு வடிவில் ஒரு டிராம், பல்புகள் மின்ன, தண்டவாளத்தில் மிதந்து வந்தது. பின்னாளில், 1960களில், ராக்கெட்டும் போர்க்கப்பலும் அமெரிக்க ரயில்வண்டியும் அதே தண்டவாளத்தில் ஓடின. பிரிட்டனின் மற்ற ஊர்களெல்லாம் பழைய மின்டிராம் பாதைகளைத் தலைமுழுகிவிட்டன. பிளாக்பூலில் மட்டும் டிராம்கள் தொடர்ந்து ஓடிவருகின்றன.

1931 செப்டம்பர் கடைசியில் இந்தப் பக்கத்துக்கு ஓர் இந்தியர் வந்தார். வட்டமேஜை மாநாட்டுக்காக லண்டன் வந்திருந்த காந்தி, அந்நியத் துணி மறுப்பால் வேலை இழந்த தொழிலாளிகளை நேரில் பார்க்க லங்காஷயரின் டார்வென் ஊரில் வந்து தங்கினார். சண்டைக்கு வருவார்கள் என்று பார்த்தால், ஆலைப் பெண்கள் அவரைச் சூழ்ந்து நின்று ஆரவாரம் செய்தார்கள். அந்தப் புகைப்படம் பலருக்குத் தெரிந்திருக்கும். அவர்களும் பிளாக்பூலுக்குச் சேமித்தவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆலைகள் அப்படித் தள்ளாடிய காலத்தில், உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்த 1932-ல், பிளாக்பூல் என்ன செய்தது தெரியுமா? விளக்குகளை நீட்டியது. வடக்குக் கரையின் மேட்டில் அசையும் பெரிய காட்சிப் பலகைகளை நிறுத்தியது. வரிசை இன்றுள்ள ஆறு மைல் நீளத்தை எட்டியது அப்போதுதான். கையில் காசு குறைந்தவன் ஒரு வாரம் தங்க முடியாவிட்டாலும், ஒரே ஒரு இரவு பேருந்தில் வந்து இலவசமாக விளக்குப் பார்த்துவிட்டுப் போவான் என்பது கணக்கு.

ஏற்றிவைக்க ஒரு பெரிய மனிதரை அழைக்கும் வழக்கம் 1934-ல் லார்ட் டெர்பியோடு தொடங்கியது. அந்தப் பட்டியலைப் படிப்பதே பொழுதுபோக்கு. கால்பந்து வீரர் ஸ்டான்லி மேத்யூஸ் 1951-ல், சோவியத் தூதர் ஒருவர் 1955-ல், கோபுர நடன மாளிகையில் வுர்லிட்சர் ஆர்கன் வாசித்த ரெஜினால்ட் டிக்ஸன் 1956-ல், ஹாலிவுட்டின் ஜேன் மான்ஸ்ஃபீல்ட் 1959-ல். 1977-ல் ஏற்றியது ஒரு குதிரை. கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் மூன்றாவது முறை வென்ற ரெட் ரம். 1979-ல் ஒரு பச்சைத் தவளைப் பொம்மை, கெர்மிட்.

1939-ல் ஏற்றிய கதை வேறு மாதிரி. அந்த ஆண்டு விளக்குகளின் முன்னோட்டத்தை ஆகஸ்ட் 31 இரவு நடத்தினார்கள். மறுநாள் ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்தது, பிரிட்டன் முழுக்க இருட்டடிப்பு ஆணை வந்தது. ஒரே ஓர் இரவு எரிந்துவிட்டு ஆறு மைல் வரிசையும் அணைந்தது. போர் முடிந்த பிறகும் எரிபொருள் கட்டுப்பாடு விடவில்லை. மீண்டும் ஏற்ற 1949 வரை பொறுக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஏற்றியவர் நடிகை அன்னா நீகல். பத்து வயதுப் பிள்ளைகள் வாழ்க்கையில் முதல் முறையாகப் பார்த்த விளக்குகள் அவை.

பிறகு நடந்தது பலருக்கும் தெரிந்ததுதான். 1960களிலிருந்து மலிவு விமானம் ஸ்பெயினுக்குப் பறந்தது, நிச்சயமான வெயிலோடு. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின, அவற்றோடு வேக்ஸ் வாரமும் போயிற்று. பிளாக்பூலின் கோடை தேய்ந்தது. ஆனால் அக்டோபர் இருட்டை ஸ்பெயின் விற்கவில்லை. ஆண்டில் ஒரு வாரம் வெளிநாடு போகிறவர்களும் இலையுதிர் காலத்தில் ஒரு வாரக்கடைசிக்கு பிளாக்பூல் வந்தார்கள். கிளாஸ்கோவில் செப்டம்பர் கடைசித் திங்களோடு சேர்ந்த நீண்ட விடுமுறை உண்டு. அன்று பிளாக்பூலில் பேசப்படுவது பாதிக்குப் பாதி ஸ்காட்லாந்து உச்சரிப்பு. அக்டோபர் கடைசியில் பள்ளி அரைப்பருவ விடுமுறை. ஒருகாலத்தில் செப்டம்பரோடு கதவடைத்த விடுதிகளுக்கு அதுதான் இன்றைக்குக் கொழுத்த வாரம்.

அந்த விடுமுறையில் அவசரப்பட ஒன்றுமே இல்லை. பகல் முழுக்கப் பொழுதைக் கொல்லலாம். கடல் வெகுதூரம் உள்வாங்கிய நேரம் ஈர மணலில் நடக்கலாம், குளிப்பார் கிடையாது. கழுதைச் சவாரியைக் கோடையோடு மூட்டை கட்டத் தொடங்கியிருப்பார்கள். அந்தக் கழுதைகளுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை, மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேர இடைவேளை எல்லாம் நகராட்சி விதியிலேயே உண்டு. பருவக் கூலிகளாக இருந்த மனிதர்களுக்கு இத்தனை கிடைத்ததா என்று யாராவது விசாரிக்கலாம். மழை வந்தால் கோபுரத்துக்குள் நுழைந்து நடன மாளிகையில் உட்காரலாம். எழுபது வயதுத் தம்பதிகள் வுர்லிட்சர் இசைக்குக் கால் மாற்றி ஆடிக்கொண்டிருப்பார்கள். பிறகு காகிதத்தில் சுற்றிய மீனும் உருளைக்கிழங்குச் சிப்ஸும், அதன்மேல் உப்பும் வினிகரும். உப்புக்கு இப்போது தனிக் காசு இல்லை.

இருட்டியதும் கார்கள் ஸ்டார் கேட்டில் வரிசை பிடிக்கும். ஆறு மைலைக் கடக்க, கூட்ட நாளில், ஓட்டப் பந்தயக்காரருக்குத் தேவைப்படுவதைவிட அதிக நேரமாகும். வேறெங்கும் போக்குவரத்து நெரிசல் என்று திட்டப்படுவது இங்கே பொழுதுபோக்கு. பின்சீட்டுப் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்தி உட்கார்ந்திருப்பார்கள். வண்டி நகராததால்தான் பார்க்கவே முடிகிறது. இந்தப் பல்புகளை மாட்டுவதும் கழற்றுவதும், உப்புக்காற்று தின்ற கம்பிகளை மாற்றுவதும், புதிய காட்சிகளைச் செய்வதும் நகராட்சியின் சொந்தப் பட்டறையில் ஆண்டு முழுக்க நடக்கிற வேலை. பழைய இழைப் பல்புகள் போய் இப்போது எல்.இ.டி. வந்துவிட்டதால் மின்கட்டணம் இறங்கியிருக்கிறது. பழைய பல்பின் கதகதப்பு போய்விட்டது என்று குறைபடுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கும் அந்தப் பக்கம்தான் சாய்வு.

2020 வரை 66 இரவுகள் என்பது கணக்கு. நவம்பர் தொடக்கத்தில் அணைத்துவிடுவார்கள். அந்த ஆண்டு கொரோனா கோடை வியாபாரத்தை வாரிக்கொண்டு போனபோது, ஊர் மறுபடி பழைய வழிக்கே வந்தது. விளக்குகளை ஜனவரி 3 வரை எரியவிடப் போவதாக அறிவித்தார்கள். நோய் தணிந்த பிறகும் யாருக்கும் அதைத் திரும்பச் சுருக்க மனம் வரவில்லை. செப்டம்பரில் சில வாரங்களுக்கு என்று கடைக்காரர்கள் கேட்டு வாங்கிய வெளிச்சம் இப்போது கிறிஸ்துமஸைக் கடந்து, புத்தாண்டு பிறந்த பிறகுதான் அணைகிறது.